வெள்ளி கோயிலுக்கு, சனி சந்தைக்கு

மாடு வாங்கப் புறப்படும் கமக்காரன் தனியே போவதில்லை. ஊரில் மாடு அறிந்த முதியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டே போவான். அம்முதியவர் மாட்டின் நிறத்தையும் கொம்பின் அழகையும் கண்டு மயங்குபவர் அல்லர். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்; சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று நோக்குவார்; குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்; சிறிது தூரம் நடக்கவிட்டு, நடையிலே குறை உண்டோ என்று கவனிப்பார். அதன் பின்னரே விலை பற்றி வாய் திறப்பார்.

இன்று அந்த மாட்டின் இடத்தை மோட்டார் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த முதியவரின் இடத்தைப் பிடித்தவர் யார்? விளம்பரப் படங்களும், தவணைக் கடன் கொடுப்போரும், அயல்வீட்டு முற்றத்தில் வந்து நிற்கும் புது வண்டியுமே அவ்விடத்தைப் பிடித்திருக்கின்றன. இதனால் விளையும் இடர் ஒன்று சென்ற வாரம் எம் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது.

வந்தவர் எம் பழைய மாணவர். நீர்வேலிப் பக்கத்துக் கமக்காரர். பத்துப் பரப்பில் சின்ன வெங்காயமும் ஆறு பரப்பில் வாழையும், ஆக ஓர் ஏக்கர் தோட்டம். மனைவி, இரு பிள்ளைகள், வயது சென்ற தாயார் என ஐவர் கொண்ட குடும்பம். கனடாவிலுள்ள தமையனார் ஒரு தொகை அனுப்பியிருக்கிறார். அதனோடு கடனும் வாங்கி ஒரு பிக்கப் வண்டி எடுக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். கையிலிருந்த தாளில், மலைச்சரிவில் ஏறி நிற்கும் பளபளப்பான டபிள் கப் ஒன்றின் படம் இருந்தது.

“சேர், வாங்கிறது ஒருக்காத்தான். வாங்கினால் இரும்பு மாதிரி ஒண்டு வாங்க வேணும். தோட்டத்துக்கும் ஓட வேணும், அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக வேணும். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

உடன் வந்திருந்த அவருடைய மனைவியார் ஒன்றும் பேசவில்லை. முற்பணத்தின் குறையை நிரப்புவதற்காக ஈடு வைக்கப்படவிருப்பது அவருடைய சீதனக் காணியின் உறுதி என்பது சிறிது நேரம் கழித்தே எமக்குத் தெரியவந்தது.

இந்தக் கேள்வி அவருக்கு மாத்திரம் உரியதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறக்கப்பட்ட பின்னர், குடாநாட்டின் வீடுகள் பலவற்றில் எழுந்துள்ள கேள்வியே இது. ஆதலின் அவருக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்லுதல் பொருத்தமாகும்.

*

முதலில் பிக்கப் என்பது என்ன என்று பார்ப்போம். அது பாதி கார், பாதி வண்டில். அமெரிக்காவின் கமக்காரர் தம் கார்களின் பின்பகுதியை அறுத்தெடுத்து, மரப்பெட்டி ஒன்றைப் பூட்டித் தாமே செய்துகொண்ட வண்டி அது. அவர்கள் செய்ததைக் கண்டே தொழிற்சாலைகள் பின்பற்றின. 1925ஆம் ஆண்டில் ஃபோர்ட் நிறுவனம் தன் ‘ரி’ மாதிரிக் காருக்குப் பின்பெட்டி பூட்டி, 281 டொலருக்கு விற்றது.

அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் செய்தி இன்னும் சுவையானது. 1932ஆம் ஆண்டளவில் விக்டோரியா மாநிலத்துக் கமக்காரர் ஒருவரின் மனைவி ஃபோர்ட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நனையாமற் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வண்டி வேண்டும் என்பது அவர் கேட்டது. இரண்டு வண்டி வாங்க வசதியில்லாத குடும்பத்தின் கேள்வி அது. லூவிஸ் பாண்ட் என்னும் இளம் வடிவமைப்பாளர் அதற்கு விடையாக ஒரு வண்டியை வரைந்தார். 1934இல் அது சாலைக்கு வந்தது. ஒரு குடும்பத் தலைவியின் கணக்கிலிருந்து பிறந்த வண்டி அது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக. பின்னர் அது எமக்குப் பயன்படும்.

இதற்காக நம்மவர் பிறநாட்டாரிடம் பாடம் கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவானை அறியாத முதியவர் குடாநாட்டில் இலர். பழைய லொறியின் அடிச்சட்டத்தின்மேல் மரத்தால் உடல் கட்டி, உள்ளே மனிதரும், பின்புறம் இறக்கிவிட்ட தட்டியிலே தேங்காயும் மரக்கறிக் கடகமுமாக ஓடியது அது. அழகிற் குறைந்தது, ஓசையில் மிகுந்தது. எனினும் யார் எதை ஏற்றுகிறார், எந்தத் தெருவில் போகிறார் என்று அறிந்து கட்டப்பட்டது. வண்டி தேடும் எவரும் முதற்கண் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்விகளும் இவ்விரண்டே.

*

“இரும்பு மாதிரி” என்றார் எம் மாணவர். உறுதி என்பது யாது? தகட்டின் தடிப்பா? சக்கரத்தின் உயரமா? இதற்கு விடை யாழ்ப்பாணத்தார்க்குத் தெரிந்த அளவு வேறெவர்க்கும் தெரிந்திராது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபோது, குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடைப்பட்டது. அந்நாளில் நாம் பள்ளிச் சிறுவர். எம் பெரியப்பாவிடம் ஓர் ஒஸ்ரின் ஏ-40 கார் இருந்தது. பின்னாசனத்தைக் கழற்றிவிட்டு அதிலேயே வெங்காயமும் ஏற்றுவார். வெள்ளிக்கிழமை ஆசனத்தை மீண்டும் பூட்டி எல்லோரையும் கோயிலுக்கு அழைத்துச் செல்வார். பெற்றோல் மறைந்தபின் அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடிற்று. சேலைன் போத்தல் ஒன்றில் சிறிதளவு பெற்றோல் ஊற்றித் தொங்கவிட்டு, அதனால் எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெரு முழுதும் புகையும் மணமும் பரவும்.

இது எவ்வாறு இயன்றது என மாணவர்கள் வினவலாம். குளிர்ந்த மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. அதனாலேயே தொடக்கத்துக்குப் பெற்றோல் வேண்டியிருந்தது. அக்காலத்து எஞ்சின்களில் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக அமுக்கப்பட்டது. இக்காலத்துப் பெற்றோல் எஞ்சின்களில் அது பத்தில் ஒரு பங்கு, சிலவற்றில் அதனினும் குறைவு. அமுக்கம் மிகுமாயின் மண்ணெண்ணெய் உரிய வேளைக்கு முன்னரே தீப்பற்றி எஞ்சினை உடைத்துவிடும். பழைய எஞ்சின் வலிமை குறைந்தது; அந்தக் குறைவே அதனைக் காத்தது.

1995ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, அந்தக் கார் எம் பாட்டியாரையும், இரண்டு மூடை அரிசியையும், அயல்வீட்டுக் கைக்குழந்தை ஒன்றையும் ஏற்றிக்கொண்டு, சனங்களின் நடுவே நடைவேகத்தில் ஊர்ந்தது. நாவற்குழிப் பாலத்தை அடையுமுன் இரண்டு தடவை நின்றுபோயிற்று. இரண்டு தடவையும் பெரியப்பா ஒரு ஸ்குறூ டிறைவரையும் ஒரு கம்பித்துண்டையும் கொண்டே அதனை மீண்டும் எழுப்பினார். கற்றுத் தேர்ந்த பொறியியலாளர் அல்லர் அவர். அந்தக் காரில் அவர் கைக்கு எட்டாத, கண்ணுக்குத் தெரியாத பாகம் எதுவும் இருக்கவில்லை என்பதே காரணம்.

இவ்வுண்மையை உலகமும் வேறொரு வகையிற் கண்டது. 2003ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், ரொயோற்றா ஹைலக்ஸ் என்னும் பழைய டீசல் பிக்கப் ஒன்றைக் கடல் நீரில் அமிழ்த்தினர், தீ மூட்டினர், இடிக்கப்படவிருந்த உயர்ந்த மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றி, கட்டடத்தோடு வீழ்த்தினர். ஒவ்வொரு முறையும் அது மீண்டும் ஓடிற்று. பார்த்தவர் பலரும் வண்டியின் உடலையே வியந்தனர். நாம் வியப்பது வேறு. சாதாரணக் கருவிகளைக் கொண்டே அதனை மெக்கானிக்குகள் திருத்தினர் என்பதே அதில் பாடம்.

ஆதலின், உறுதியான வண்டி என்பது கெடாத வண்டியன்று. கெட்டால் எம் சந்தியிலே, எம் மெக்கானிக்கின் கையாலே, எமக்குக் கட்டும் விலையிலே எழும்பும் வண்டியே உறுதியான வண்டி. வண்டி பார்க்கப் போகுமுன், உங்கள் ஊர்க் கராஜ்காரரிடம் போங்கள். “இந்த வகைக்குச் சாமான் யாழ்ப்பாணத்தில் எடுக்கலாமா? கொழும்பிலிருந்து வரவேண்டுமா? இதைத் திருத்தக் கணினி பூட்ட வேண்டுமா? அந்தக் கணினி யாரிடம் உண்டு?” என்று கேளுங்கள். அவர் முகம் சுளிக்கும் வண்டியைப் பத்திரிகை விளம்பரம் எவ்வளவு புகழ்ந்தாலும் விட்டுவிடுங்கள்.

*

இனிச் சுமையை நோக்குவோம். ஐம்பது கிலோ மூடை பதினைந்து ஏற்றினால் 750 கிலோ. இந்தியாவில் 2005ஆம் ஆண்டில் வெளிவந்த டாட்டா ஏஸ் என்னும் சிறு லொறிக்கு அதன் நிறுவனம் விதித்த சுமையும் 750 கிலோவே. இரண்டே உருளைகள் கொண்ட 702 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சின், பதினாறு குதிரைவலு. நம் நாட்டில் அதனை ‘டிமோ பட்டா’ என்பர். ‘பட்டா’ என்றால் சிங்களத்தில் குள்ளன். பெயர் எள்ளலாகத் தோன்றினும், அதன் தொழில் எள்ளத்தக்கதன்று. சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி, சாவகச்சேரி எனச் சந்தை எங்கும் விடியற்காலையில் வரிசையாய் நிற்பவை இவ்வகைச் சிறு லொறிகளே.

டபிள் கப் ஒரு தொன் வரை இழுக்கும்; ஐவர் அமரவும் இடமுண்டு. ஆனால் இரண்டாம் ஆசன வரிசைக்கு இடம் கொடுத்த காரணத்தால் அதன் பின்பெட்டி குறுகிவிடுகிறது. வாழைக்குலையை நிறுத்தி அடுக்குவோருக்கும், நீர்க்குழாய் ஏற்றுவோருக்கும் இக்குறை நாள்தோறும் உறுத்தும். அன்றியும், வெறுமையாய் நிற்கும்போதே அது ஏறத்தாழ இரண்டு தொன் நிறை. தன்னைத்தானே சுமப்பதற்கு அது குடிக்கும் எண்ணெயின் விலையையும் வெங்காயமே கொடுக்கவேண்டும். ஒற்றை ஆசன வரிசையுடைய சிங்கிள் கப் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. பெட்டி நீளமானது, சுமையும் கூடியது. ஆனால் குடும்பம் முழுவதற்கும் இடமில்லை.

அடுத்தது தெரு. எம் மாணவர் கொண்டுவந்த படத்தில் வண்டி மலையேறியது. குடாநாட்டில் மலை எங்கே இருக்கிறது? யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை இருபத்தொரு மைல். காங்கேசன்துறை அதனினும் அருகில். தட்டையான நிலம், குறுகிய பயணம். நாற்சக்கர இழுவை வேண்டுபவர் வடமராட்சி கிழக்கின் மணலில் தொழில் செய்வோரும், மாரியில் வன்னி வயலுக்குள் இறங்குவோருமே. ஏனையோர் அதற்கு வாங்கும்போது ஒரு முறையும், திருத்தும்போது பலமுறையும் பணம் கொடுக்கிறார்கள்.

குறுகிய பயணத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடி ஒன்று புகைக்குழாயில் இருக்கிறது. நெடுந்தூரம் வேகமாய் ஓடிச் சூடேறும்போதே அக்கரி எரிந்து தீரும். வீட்டிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து வீட்டுக்குமாக மூன்று மைல் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். சந்தைத் தூரமே ஓடுவோர் பெற்றோல் எஞ்சினையும் எண்ணிப் பார்க்கலாம். மின்கலத்தால் ஓடும் சிறு லொறிகளும் பிற நாடுகளில் பெருகி வருகின்றன. தட்டை நிலத்துக்கும் குறுந்தூரத்துக்கும் அவை பொருந்தும். எனினும் அவற்றுக்கும் கராஜ்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி அதே கேள்விதான்.

*

பணத்தின் கணக்குக்கு வருவோம். விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். ஒருவர் முப்பது இலட்சம் ரூபா கடன் எடுக்கிறார். ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்று சொல்லப்படுகிறது. முதல் குறையக் குறைய வட்டி குறையாமல், முழு முதலுக்கும் ஐந்தாண்டும் வட்டி கணக்கிட்டால், வட்டி 18 இலட்சம். மொத்தம் 48 இலட்சம். அறுபது மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 80,000 ரூபா.

இங்கே ஒரு மறைபொருள் உண்டு. மாதந்தோறும் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். நான்காம் ஆண்டில் கையிலிருக்கும் கடன் மிகக் குறைவு. வட்டியோ முப்பது இலட்சத்துக்கே. குறையும் முதலுக்கு என்று கணக்கிட்டால் இந்த வட்டி பன்னிரண்டு அன்று, ஏறத்தாழ இருபது. மேல்வகுப்பு மாணவர்கள் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்த்து, வீட்டில் பெரியவர்களுக்கு விளக்குவார்களாயின் அவர்கள் படித்த கணிதம் பயன் கண்டதாகும். கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், “வட்டி குறையும் முதலுக்கா, முழு முதலுக்கா?” என்னும் ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

மாதத்தில் இருபத்தைந்து நாள் வண்டி ஓடுகிறது என்றால், தவணைக்கு மட்டும் நாளொன்றுக்கு 3,200 ரூபா. எண்ணெய், ரயர், காப்புறுதி, சாரதி கூலி இதன்மேல். வெங்காயத்துக்கு விலையில்லாத பருவத்திலும் இந்த 3,200 குறையாது. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் இன்றி நாடு நின்றதையும், ஜூலையில் கியூ-ஆர் அட்டையோடு வாரப் பங்குக்கு வரிசையில் நின்றதையும் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வண்டி முற்றத்தில் நிற்கலாம், கடன் நிற்பதில்லை.

*

புது வண்டிக்கு வசதியில்லாதார் பழையது வாங்குதல் இழிவன்று. ஆனால் பல்லைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இதில் நாமே ஒரு முறை ஏமாந்தோம். புதிதாய்ப் பூசிய வெள்ளை நிறத்தைக் கண்டு ஒரு சிறு வானை வாங்கினோம். ஆறு மாதத்தில் ஸ்பிறிங் பூட்டியிருந்த இடம் அடிச்சட்டத்தோடு கழன்று விழுந்தது. அது மீன் ஏற்றிய வண்டி என்பது பின்னர் தெரிந்தது. மீன்பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் ஆண்டுக்கணக்காக அடியில் ஒழுகி, இரும்பை அப்பளமாக்கியிருந்தது. கடற்காற்று எப்பக்கமும் வீசும் எம் நாட்டில் வண்டியை மேலிருந்து பார்ப்பதைவிடக் கீழிருந்து பார்ப்பதே பெரிது. சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தை நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். துருவுண்டது மந்தமாய் ஒலிக்கும். தீவுப்பகுதியிலும் கடற்கரையிலும் ஓடிய வண்டியானால் இருமடங்கு கவனம் வேண்டும்.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. கரும்புகை வந்தால் எண்ணெய் மிகுதியாய்ப் போகிறது அல்லது காற்றுப் போதவில்லை. வெண்புகை ஓயாமல் வந்தால் தண்ணீர் கலக்கிறதோ என்று ஐயுற வேண்டும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உட்புறம் பால்நிறம் படிந்திருந்தால் அந்த ஐயம் வலுப்பெறும். ரயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரமோ சட்டமோ நேராயில்லை. வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து மகிழாதீர்கள். நீங்கள் ஏற்றும் சுமையை ஏற்றி ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கடைசியாக, வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். கடன் தீராத வண்டியானால் முற்றுரிமையாளர் என்று நிதி நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும். அந்தப் பெயர் நீங்காமல் பணம் கைமாறக் கூடாது. உரிமை மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடனே பதிய வேண்டும்.

வாங்கியபின் பேணுவதிலும் நம் மண்ணுக்கென ஒரு விதி உண்டு. நம்முடையது சுண்ணாம்புக்கல் நாடு. கிணற்று நீர் கொதித்த கேத்திலின் அடியில் வெண்படலம் கட்டுவதைத் தாய்மார் அறிவர். அதே படலம் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் கட்டும், எஞ்சின் கொதிக்கும். றேடியேற்றருக்கு அதற்குரிய குளிர்திரவத்தையும், பற்றறிக்கு வடித்த நீரையும் அன்றிக் கிணற்று நீரை ஊற்றாதீர்கள். மீனோ உப்போ ஏற்றிய அன்று, வண்டியின் அடிப்பக்கத்தை நன்னீரால் கழுவிவிடுங்கள்.

வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒரே வண்டியை ஓட்டுவோர் இன்னுமொன்றை அறிய வேண்டும். சுமைக்கென அமைந்த ஸ்பிறிங் பட்டைகள் வெறுமையில் துள்ளும். பின்பக்கம் இலகுவாய் இருப்பதால் மழைத்தெருவில் பிறேக் பிடித்தால் வால் வழுக்கும். சுமை ஏறினாலோ நிறுத்தும் தூரம் நீளும். வேகம் இருமடங்கானால் அடக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும். மூடைகளைப் பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்குமாறு அடுக்க வேண்டும். வாலில் ஏற்றினால் முன்சக்கரம் எழும்பி, திருப்புவது கையில் நில்லாது. பிள்ளைகளைப் பின்பெட்டியில் ஏற்றித் திருவிழாவுக்குக் கொண்டுபோகும் வழக்கம் இன்றும் ஒழியவில்லை. வெங்காய மூடை விழுந்தால் அள்ளிக்கொள்ளலாம். அதற்குமேல் எழுத எமக்கு மனம் வரவில்லை.

*

இவ்வளவும் கேட்ட எம் மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்ப எங்களுக்கு எது சரி, சேர்?” என்றார்.

“தம்பி, அதை நாங்கள் சொல்ல ஏலாது. கடந்த வருஷம் எத்தனை நாள் சுமை ஏத்தினீர்? எத்தனை நாள் ஐந்து பேரும் ஒண்டாய்ப் போனீர்கள்?” என்று கேட்டோம்.

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அப்போதுதான் மனைவியார் முதன்முறையாக வாய் திறந்தார். “நான் எழுதி வைச்சிருக்கிறன், சேர்” என்று சொல்லிக் கைப்பையிலிருந்து பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்தார். லான்ட்மாஸ்டருக்கும் லொறிக்கும் கொடுத்த கூலி, நாள், மூடை எண்ணிக்கை யாவும் அதில் ஒழுங்காக இருந்தன. சுமை ஏற்றிய நாள் 94. பதினைந்து மூடைக்கு மேல் ஏற்றியவை ஒன்பதே. குடும்பமாகக் கார் பிடித்துப் போன நாள் 17. அவற்றுள் தாயாரின் வைத்தியசாலைப் பயணம் 11. அந்த ஆண்டு முழுவதும் வாடகைக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தோம். டபிள் கப்பின் தவணை அதனை நான்கு மாதத்தில் விழுங்கிவிடும்.

கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் மெல்லக் கேட்டார்: “இதை ஏன் முந்திச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே” என்றார் அவர்.

எவர்க்கும் டபிள் கப் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. நாள்தோறும் நான்கு வேலையாட்களையும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு கட்டட வேலைக்குப் போகும் மேசனுக்கும், குடாநாட்டிலும் வன்னியிலுமாக இரு தோட்டம் செய்வோருக்கும் அது தன் விலையை உழைத்துக் கொடுக்கும். அவர்களின் கொப்பி வேறு. ஆதலால் விடையும் வேறு. எம் மாணவரின் கொப்பியோ, தமையனார் அனுப்பிய பணத்துக்குள் அடங்கும் பழைய சிறு லொறி ஒன்றையும், தாயாரின் வைத்தியசாலைப் பயணத்துக்கு இப்போதுபோல் வாடகைக் காரையுமே காட்டியது. சுமை மிகும் ஒன்பது நாளுக்கு இரண்டு நடை ஓடினாற் போதும்.

புறப்படும்போது அந்தப் படத்தாளை அவர் எம் மேசைமேலேயே விட்டுச் சென்றார். காணி உறுதி ஈடு வைக்கப்படாமல் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது என்று பின்னர் கேள்வியுற்றோம். வருகிற சனிக்கிழமை கராஜ்காரர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போகிறாராம். சுத்தியல் ஒன்றும் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறோம்.

வாசகர்களில் எவரேனும் வண்டி வாங்க எண்ணியிருந்தால், விளம்பரத்தை விரிக்குமுன் வீட்டிலே கணக்கு எழுதுபவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கள். அக்கணக்கு இதுவரை எழுதப்படவில்லையாயின், இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். வண்டியை ஆறு மாதம் கழித்து வாங்கலாம்.